தெல்தோட்டை: உள்ளூராட்சியும் ஊரார் முறைப்பாடுகளும்

தெல்தோட்டை கண்டி மாவட்டத்தின் தென்புறத்தில் தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்த சிறுநகரம். பேராதனையிலிருந்து கலஹா வழியாக ரிக்கில்லகஸ்கடைக்குச் செல்லும் வீதியில் உள்ளது. இதே பெயரில் ஒரு பிரதேச செயலகப் பிரிவும் உண்டு. உள்ளூராட்சியைப் பொறுத்தவரை பாத்தஹேவாஹெட்ட பிரதேச சபையின் எல்லைக்குள் அடங்குகிறது. சிங்களக் கிராமங்கள், முஸ்லிம்கள் செறிந்து வாழும் கடைவீதி சார்ந்த குடியிருப்புகள், மலையகத் தமிழர் வாழும் தோட்டங்கள் என்று மூவகைக் குடியிருப்புகளும் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் (1866–1918) பிறந்த போப்பிட்டி இந்தப் பகுதியைச் சேர்ந்ததுதான்.

வீதி, கான், தெருவிளக்கு, குடிநீர், குப்பை, மயானம் ஆகியவை பற்றி ஊரார் அதிகாரிகளிடம் முறையிடுவதும், அதிகாரிகள் அதைப் பதிந்து, பார்வையிட்டு, முடிவெடுப்பதும் எல்லா ஊர்களிலும் நடக்கும் அன்றாட அலுவல். தெல்தோட்டையில் அந்த அலுவலுக்குத் தனியான வரலாறு இருக்கிறது. ஒரே மலையில் வாழும் இரு குடும்பங்களில் ஒன்றின் முறைப்பாட்டைச் சபை ஏற்றுக்கொள்ள, மற்றதன் முறைப்பாட்டைச் சட்டமே வாசலில் நிறுத்திவைத்த வரலாறு அது.

தெரு வந்த விதம்

கண்டி இராச்சிய காலத்தில் பாதை வெட்டுவதும் அணை கட்டுவதும் இராஜகாரிய ஊழியமாக, அதாவது அரசனுக்குச் செய்யும் கட்டாய வேலையாக, நடந்தன. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைக்குப் பின் 1830களின் தொடக்கத்தில் அந்த முறை ஒழிக்கப்பட்டது. 1848இல் ஆளுநர் டொறிங்டன் கொண்டுவந்த வீதிச் சட்டம் வயது வந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டு மாத்தளையிலும் கண்டியிலும் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். வீதி பற்றி மலைநாட்டார் அரசிடம் சொன்ன முதல் பெரிய முறைப்பாடு என்று அந்தக் கிளர்ச்சியைக் கொள்ளலாம். அவர்கள் வீதி வேண்டும் என்று கேட்கவில்லை. யாருக்காகவோ போடும் வீதிக்குத் தங்கள் உழைப்பைப் பறிக்காதே என்றார்கள்.

அந்த 'யாருக்காகவோ' என்பதற்கு விடை கோப்பித் தோட்டம். ஹேவாஹெட்ட மலைகளில் காடு வெட்டிக் கோப்பி நட்ட துரைமாருக்கு மூட்டைகளைக் கண்டிக்கு இறக்க வண்டிப்பாதை தேவைப்பட்டது. 1861ஆம் ஆண்டின் பொதுவழிச் சட்டத்தின் கீழ் மாகாண, மாவட்ட வீதிக் குழுக்கள் அமைந்தன. பிறகு வந்த கிளைவீதிச் சட்டங்களின்படி தோட்டக்காரர் ஏக்கர் கணக்கில் பங்கு செலுத்த, மீதியை அரசு இட்டு, தோட்டங்களை நோக்கிப் பாதைகள் வெட்டப்பட்டன. தெல்தோட்டைக்கு அருகிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் வணிகத் தேயிலை அங்கேதான் தொடங்கியது. 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின் இந்த மலைகள் முழுக்கத் தேயிலைக்கு மாறின.

பயிர் மாறியும் பாதையின் நோக்கம் மாறவில்லை. துரை பங்களாவையும் தொழிற்சாலையையும் பிரதான வீதியோடு இணைக்கவே அது வெட்டப்பட்டது. அந்தப் பாதையைத் தோளிலும் கூடையிலும் மண் சுமந்து உருவாக்கியவர்கள் தமிழகத்திலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த தொழிலாளர். அவர்கள் குடியிருந்த லயங்களுக்கு ஒற்றையடிப் பாதையே மிஞ்சியது. இன்றும் தெல்தோட்டைச் சுற்றுவட்டத் தோட்டங்களில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு பிரதான வீதிக்கு வரவேண்டிய இடங்கள் இருப்பதற்கு வேர் இந்தத் திட்டமிடலில் இருக்கிறது.

நகரத்துக்கு ஒரு சபை, கிராமத்துக்கு ஒரு சபை, தோட்டத்துக்குத் துரை

1865ஆம் ஆண்டின் மாநகர சபைச் சட்டம் கொழும்புக்கும் கண்டிக்கும் ஒரே நேரத்தில் சபைகளைத் தந்தது. வரி கட்டுபவர் வாக்களித்து, தன் தெருவைப் பற்றிக் கேள்வி கேட்கும் வழக்கம் கண்டியில் அப்போதிருந்தே உண்டு. (அந்த நகரைக் கூட்டிப் பெருக்கிய தமிழ்த் தொழிலாளர் மஹியாவையின் லயங்களில் வாழ்ந்தனர். அவர்களுடைய கேள்விகள் சபையை எட்டப் பல தலைமுறை சென்றது.) சிறு நகரங்களுக்கு 1892இன் சட்டத்தால் சுகாதாரச் சபைகள் வந்தன. கிராமங்களுக்கு 1871இன் கிராமக் கூட்டச் சட்டம் பழைய கம்சபை (ஊர்மன்று) முறையைப் புதுப்பித்துத் தந்தது. கிணறு, வாய்க்கால், ஊர்ப்பாதை, மாடு பயிரை மேய்ந்த வழக்கு எல்லாவற்றையும் கிராமத்தார் கூடிப் பேச அது இடம் கொடுத்தது.

தோட்டம் இந்த மூன்றிலும் சேரவில்லை. அங்கே நீர்ப்பீலி உடைந்தாலும் லயத்துக் கூரை ஒழுகினாலும் முறைப்பாடு காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆட்கணக்கு எடுக்கும் கூட்டத்தில்) கங்காணியிடம் போகும். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். கணக்கப்பிள்ளை துரையிடம் சொல்வார், அல்லது சொல்லாமல் விடுவார். முறைப்பாடு கேட்பவரும், தீர்ப்பவரும், சம்பளம் போடுபவரும், வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடியவரும் ஒரே ஆள். இத்தகைய ஏற்பாட்டில் முறையிடாமல் இருப்பதே பிழைப்புக்கு வழி என்று மனிதர் கற்றுக்கொள்வதில் வியப்பில்லை.

வெளியே ஒரு கதவு 1923இல் திறந்தது. 1922இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தைத் தொடர்ந்து இந்திய அரசின் முகவர் இலங்கைக்கு நியமிக்கப்பட்டார். அவருடைய அலுவலகம் கண்டியில் இயங்கியது. தோட்டத் தொழிலாளரின் மனுக்கள் அங்கே சென்றன. அவை பெரும்பாலும் சம்பளம், கடன், பற்றுச்சீட்டு பற்றியவை என்றாலும், துரையைத் தாண்டி ஒரு மேசைக்குக் கடிதம் எழுதலாம் என்ற எண்ணம் பிறந்தது அப்போதுதான். தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர் 1931இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அந்த எண்ணத்தை அமைப்பாக வளர்த்தது. அதன்பின் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரே கான் முதல் கக்கூஸ் வரை எல்லா முறைப்பாட்டையும் எடுத்துச் செல்லும் ஆளானார். தெல்தோட்டையில் இன்றைக்கும் பலர் பிரதேச சபைக்குப் போவதற்கு முன் தலைவரிடம் போகிறார்கள். நூறு ஆண்டுப் பழக்கம் அது.

1930களின் பிற்பகுதியில் கிராமச் சபை வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளரை அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபை அதிலிருந்து விலக்கியது. அது இந்தியாவுடன் பெரும் பிணக்கானது. 1939இல் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. 1947 பொதுத் தேர்தலில் அக்கட்சி 7 இடங்களை வென்றது. மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதன்பின் வாக்கும் போயிற்று. வாக்கில்லாதவனின் வீதிக்கு எந்த உறுப்பினரும் பிரேரணை கொண்டுவரப் போவதில்லை.

1987: கதவு திறந்தும் நிலை தடுத்தது

கிராமச் சபைகளும் பட்டினச் சபைகளும் 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கு வழிவிட்டு மறைந்தன. அவற்றின் இடத்துக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுவழிகள் ஆகியவற்றை நிர்வகிப்பதும், மக்களின் வசதியையும் நலனையும் பேணுவதும் சபையின் கடமை என்று அச்சட்டம் சொல்கிறது. நாடற்றவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 1988இல் வந்தது. பிரதேச சபைகளுக்கான முதல் தேர்தல் 1991இல் நடந்தபோது தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் வரிசையில் நின்று வாக்களித்தார்கள்.

வாக்களித்தவர் வீட்டு வாசலுக்கு அந்தச் சபையின் பணம் வரவில்லை. தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையானவை. தெல்தோட்டைப் பகுதித் தோட்டங்களில் பல, மக்கள் 'ஜனவசம' என்று அழைக்கும் ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையின் கீழ் வந்தன. 1992இல் நாட்டின் மற்றத் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றபோதும் லூல்கந்துர போன்றவை ஜனவசமவிடமே இருந்தன. அரசு நிலமாக இருந்தும் சட்டத்தின் பார்வையில் தோட்டக் குடியிருப்பு 'கிராமம்' அல்ல, தோட்டப் பாதை 'பொதுவழி' அல்ல. சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டிச் சபைகள் தோட்டங்களில் பணம் செலவிட மறுத்தன. மீறிச் செலவிட்டால் கணக்காய்வில் கேள்வி எழும் என்பது செயலாளர்களின் நியாயமான அச்சம்.

முறைப்பாட்டின் பாதையைப் பின்தொடர்ந்தால் இது விளங்கும். கடைவீதியில் கான் அடைபட்டு மழைநீர் கடைக்குள் புகுந்தால் கடைக்காரர் கடிதம் கொடுக்கிறார். சபை அலுவலகத்தில் அது பதிவேட்டில் ஏறி இலக்கம் பெறுகிறது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து மதிப்பீடு போடுகிறார். சட்டம் விதிக்கும் நான்கு குழுக்கள் உண்டு: நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவை, சூழலும் வசதிகளும். உரிய குழுவைத் தாண்டி விடயம் மாதாந்தக் கூட்டத்துக்கு வருகிறது. சென்ற கூட்டறிக்கையை உறுதிப்படுத்திய பின் பிரேரணைகள் எடுக்கப்படும்போது வட்டார உறுப்பினர் எழுந்து பேசுகிறார். தவிசாளர் ஒப்புக்கொள்ள, நிதி இருந்தால் வேலை நடக்கிறது. சுணக்கமான வழி, ஆனால் வழி.

இதே மழை அரைக் கட்டை தள்ளியுள்ள லயத்துக்குள் புகுந்தால் கதை வேறு. வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பிரதான வீதியிலிருந்து இறங்கி, மாகாண வீதியைக் கடந்து, சபை வீதியில் நடந்து, தோட்டப் பாதையில் முடிகிற ஒரு மைல் தூரத்துக்குள் நான்கு உரிமையாளர்கள். 'இது எங்கட ரோடு இல்லை' என்ற பதில் நான்கு அலுவலகங்களிலும் கிடைக்கும். பதில் கடிதம் வந்தாலும் அது தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாற வேண்டும். முறைப்பாட்டை யாரும் நிராகரிப்பதில்லை. அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவதே போதுமானதாக இருக்கிறது. நிராகரிப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம், தள்ளிவிடுதலை எதிர்த்து யாரிடம் செய்வது?

மொழியும் ஒரு தடை. அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் (1988) நாட்டின் எப்பகுதியிலும் அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெறும் உரிமையைத் தருகிறது. ஆனால் தமிழ் தெரிந்த எழுதுவினைஞர் இல்லாத மேசையில் தமிழ்க் கடிதம் மொழிபெயர்ப்புக்காகக் காத்துக் கிடக்கும். ஆகவே பலர் காசு கொடுத்துச் சிங்களத்தில் எழுதுவித்து, தாங்கள் வாசிக்க முடியாத கடிதத்தின் கீழ் கையெழுத்து வைக்கிறார்கள். உரிமை ஏட்டில் இருக்க, இவ்வாறு தன் குறையைத் தானே வாசிக்க முடியாத நிலை ஒரு குடிமகனுக்கு நேரக்கூடாது.

2018க்குப் பின்

மலையக அரசியல்வாதிகளும் சிவில் அமைப்புகளும் நீண்டகாலம் வற்புறுத்தியதன் பயனாக 2018இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளிலும் சபை நிதியைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடம் உண்டாயிற்று. இந்த வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இதுவே. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பெரும் பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. கண்டி மாவட்டத் தோட்டப்புறங்களுக்கு அப்படி நடக்கவில்லை. பிரதேச செயலகம் தனியாக இருந்தும் தெல்தோட்டைக்குத் தனிப் பிரதேச சபை இல்லை.

2018 பெப்ரவரி 10ஆம் தேதி நடந்த தேர்தல் வட்டார முறையையும் விகிதாசார முறையையும் கலந்த முதல் தேர்தல். 'எங்கள் வட்டாரத்து மெம்பர்' என்று சுட்டிக் கேட்க ஓர் ஆள் கிடைத்தார். ஆனால் அந்தச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தபோது தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உள்ளூராட்சி மன்றங்கள் அதிகாரிகளின் கையில் இருந்தன. மாதாந்தக் கூட்டமில்லை, பிரேரணையில்லை, எழுந்து பேச உறுப்பினருமில்லை. அந்த ஒத்திவைப்பு அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6ஆம் தேதி நடந்து ஜூன் முதல் சபைகள் மீண்டும் கூடின.

புதிய சபைகள் ஆறு மாதம் காணுமுன் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. கண்டி மாவட்டம் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டங்களுள் ஒன்று. மண்சரிவு மலையக வீதிகளை மூடியபோது பழைய கேள்வி மறுபடி எழுந்தது: யாருடைய வீதி, யார் மண்ணை அகற்றுவது? 2018இன் திருத்தம் பணத்துக்கு வழி விட்டதே தவிர, தோட்டப் பாதைகளைச் சபையின் பதிவேட்டில் ஏற்றவில்லை. நிலம் தோட்ட நிர்வாகத்திடமே இருக்கிறது. பாதையைச் சபைக்குக் கையளித்து, பொதுவழியாகப் பிரகடனம் செய்து, வரைபடத்தில் குறிக்கும் வேலை முடியும்வரை ஒவ்வொரு மழைக்கும் இந்தக் கேள்வி திரும்பவே செய்யும். தெல்தோட்டைக்கு முதலில் தேவை இதுதான். புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

அதுவரை ஊரார் பயன்படுத்தக்கூடிய வழிகள் சில உண்டு. சபைக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தமிழில் பதில் கிடைக்காவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி, ஒரு பாதை யாருடைய பொறுப்பில் உள்ளது என்று எழுத்தில் கேட்டால், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவை அறிவிக்க வேண்டும். கடிதம் கொடுப்பவர் யாராயினும் பதிவு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்கி, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.