பர்மா நகரும் பெய்லி பாலமும்

சடையங்குப்பம் பர்மா நகரைப் பற்றிக் குறிப்பு எடுக்கும்போதெல்லாம் ஒரு பாலம் நினைவுக்கு வருகிறது. அது இருந்தது பர்மாவில், கலேவா என்ற ஊரில், சிந்த்வின் ஆற்றின் மேல்.

1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்த சமயம், லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே ஊர் திரும்பக் கிளம்பினார்கள். அதில் தமிழர்கள் ஏராளம். சிந்த்வினைத் தாண்டி, தமு வழியாக இம்பால் போவது ஒரு முக்கியப் பாதை. ஆற்றில் பாலம் கிடையாது, படகுதான். பசியிலும் காலராவிலும் வழியெங்கும் செத்தார்கள்.

1944 டிசம்பரில் ஜெனரல் ஸ்லிம்மின் 14-வது ராணுவம் பர்மாவுக்குத் திரும்பியது. கலேவாவில் மிதவைகள் மேல் 1,154 அடிக்கு பெய்லி பாலம் போட்டார்கள். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். நடந்து வந்த சனங்களுக்கு அது இரண்டரை வருஷம் தாமதம்.

பெய்லி பாலத்தின் சூட்சுமம் ரொம்ப எளிமை. டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் யோசனை. 10 அடி நீளம், 5 அடி உயரத்தில் ஒரு இரும்புச் சட்டம். எடை சுமார் 260 கிலோ, ஆறு பேர் தூக்கிவிடலாம். சட்டங்களை முளை அடித்துக் கோத்து, இந்தக் கரையிலேயே பாலத்தைக் கட்டி, உருளைகள் மேல் வைத்து அந்தக் கரைக்குத் தள்ளணும். முன்பக்கம் இலேசான ஒரு மூக்கு இருக்கும். பின்பக்கம் கனமாக இருப்பதால் ஆற்றில் கவிழாது. கிரேன் வேண்டாம். 2024-ல் வயநாடு நிலச்சரிவின்போது மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள் சூரல்மலையில் 190 அடிக்குப் போட்டதும் இதே வகைதான்.

1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தமிழர்களின் பெயரைத்தான் பர்மா நகர் சுமக்கிறது. பூண்டியில் உபரி நீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு பெருகி, இந்தப் பக்கம் சாலை மூழ்கும். 'இங்கேயும் ஒரு பெய்லி பாலம் போட்டா என்ன?' என்று தோன்றலாம். அதற்கு இரண்டு பக்கமும் உறுதியான கரை வேண்டும். இங்கே வெள்ளம் தாழ்ந்த நிலமெங்கும் பரவி நிற்கிறது. எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குத் தள்ளுவது?

தவிர, அது எதிர்பாராத ஆபத்துக்கான பாலம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணி வரும் என்பது சடையங்குப்பத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தே வருகிற வெள்ளத்துக்கு மேடான சாலையும், தண்ணீர் கடலுக்குப் போகிற வழியும் முன்கூட்டியே வேண்டும். ஒரு தடவை தாமதமானதே போதும்.