கூட்டுச்சாவியும் இண்டெக்ஸும்

உறவுநிலைத் தரவுத்தள அட்டவணையில் ஒரு பதிவைத் தனித்து அடையாளம் காட்டப் பல நெடுவரிசைகள் சேர்ந்து அமையும் சாவி கூட்டுச்சாவி. நிரலாளர் பேச்சில் காம்போசிட் கீ.

தமிழ்நாட்டில் இணையத்தில் பட்டா பார்த்தவர்களுக்கு இது பழகிய ஒன்று. ஊரக நிலமென்றால் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் என ஒவ்வொன்றாகக் கேட்கும். புல எண்கள் கிராமந்தோறும் புதிதாகத் தொடங்குவதால் பாலவாக்கத்தில் உள்ள எண் பக்கத்துக் கொட்டிவாக்கத்திலும் வரும். ஐந்தும் சேர்ந்தால்தான் மனை இன்னதென்று தெரியும். உட்பிரிவு ‘2அ1’ என்பதுபோல எழுத்து கலந்து வருவதால் அதை எண்வகை நெடுவரிசையில் வைக்க இயலாது. உட்பிரிவே இல்லாத புலத்துக்கு அவ்விடத்தை வெற்றாக விடுவதும் ஆபத்து. முதன்மைச் சாவி வெற்று மதிப்பை ஏற்காது. ஒரே மதிப்பு மீண்டும் வருவதைத் தடுக்கும் யுனிக் கட்டுப்பாடோ பல தரவுத்தளங்களில் இரு வெற்று மதிப்புகளை வேறுவேறாகக் கருதி, ஒரே புலம் இருமுறை பதிவாக இடம்கொடுக்கும். அங்கே ஒரு கோடு போட்டு நிரப்புவதே பாதுகாப்பு.

தேடலை விரைவாக்க இந்த ஐந்தின் மேல் அமையும் பி-மர இண்டெக்ஸில் நெடுவரிசைகளின் வரிசைமுறையே எல்லாம். மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றையும் கொடுத்தால் அந்த ஊரின் பதிவுகள் ஒரே இடத்தில் தொடர்ச்சியாகக் கிடைக்கும். புல எண்ணை மட்டும் கொடுத்தால் அவை இண்டெக்ஸ் முழுதும் சிதறிக் கிடக்கும். முன்நெடுவரிசையைத் தாண்டித் தேடும் உத்தி ஆரக்கிளில் முன்பே உண்டு. போஸ்ட்கிரெஸ் 18-இல் (2025) வந்தது. முன்நெடுவரிசையில் சில மதிப்புகளே இருந்தால்தான் அதனால் பெரும்பயன்.

கூட்டுச்சாவியின் உண்மையான தொல்லை, அதன் பகுதிகள் மாறுவதுதான். பாலவாக்கம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது, பின்பு காஞ்சிபுரம், 2018 முதல் சென்னை. நிலம் அசையவில்லை, சாவியின் முதல் நெடுவரிசை இருமுறை மாறிவிட்டது. இந்தப் பதிவைச் சுட்ட ஐந்தையும் அயற்சாவியாகச் சுமக்கும் ஒவ்வொரு அட்டவணையையும் அப்போது திருத்த வேண்டும். இதனால்தான் பலர் பொருளற்ற ஒற்றை எண்ணைச் சாவியாக வைக்கிறார்கள். 2021-இல் இந்திய அரசு கொண்டுவந்த 14 இலக்க நிலப்பகுதி அடையாள எண்ணும் ஊர்ப்பெயரைச் சாராதது. மனையின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு உருவாவது. ஆனால் ஒற்றை எண் வந்துவிட்டதென்று ஐந்து நெடுவரிசைகளின் மேலுள்ள யுனிக் கட்டுப்பாட்டை நீக்கினால், ஒரே மனைக்கு இரண்டு எண்கள் விழுவதைத் தரவுத்தளம் தடுக்காது.