கருப்பை முறுக்கமும் ரெங்கம் தோட்டத்துத் தூரமும்

கர்ப்பம் வளர வளரக் கருப்பை வலப்பக்கமாகச் சற்றே திரும்புவது இயல்பு. அந்தத் திருப்பம் 45 பாகையைத் தாண்டும்போதுதான் அது கருப்பை முறுக்கம் என்னும் ஆபத்தாகிறது. பெரும்பாலும் 180 பாகை வரை முறுக்கும். 720 பாகை, அதாவது இரண்டு முழுச் சுற்று முறுக்கியதும் உண்டு. இரத்தக் குழாய்கள் நெரிபட்டுக் குழந்தைக்குப் போகும் இரத்தம் குறைகிறது.

இந்நோயை மருத்துவ உலகம் முதலில் கண்டது விலங்குகளில்தான். 1662இல் கொலும்பி என்ற இத்தாலியர் இதை விவரித்தார். மனிதரிடத்தில் 1863இல் விர்கோ என்ற மருத்துவர் கண்டது பிணப் பரிசோதனையில். உயிரோடிருந்த பெண்ணிடம் லாபே என்பவர் கண்டு எழுதியது 1876இல். விலங்கு, பிணம், உயிருள்ள பெண் என்ற இந்த வரிசையே நோயின் இயல்பைச் சொல்லிவிடுகிறது. எருமை வளர்ப்போருக்கு இது புதிதல்ல. மாட்டை முறுக்கிய பக்கமே சாய்த்துப் படுக்க வைத்து, விலாவில் பத்தடிப் பலகையை வைத்து ஒருவர் அதன்மேல் ஏறி நிற்க, மற்றவர்கள் மாட்டை முறுக்கின் திசையிலேயே உருட்டுவார்கள். கருப்பையைப் பலகை பிடித்துக்கொள்ள, உடல் சுழன்று அதனோடு சேர்ந்துவிடும். பெண்ணுக்கு அப்படியொரு வழி இல்லை. வயிற்றைத் திறந்தாக வேண்டும்.

1992இல் யென்சன் என்ற ஆய்வாளர் 212 நேர்வுகளைத் திரட்டி ஆராய்ந்தார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் ஃபைப்ராய்டு எனப்படும் நார்க்கட்டி இருந்தது. பிறவியிலேயே அமைப்பு மாறிய கருப்பை, பழைய அறுவையின் ஒட்டுகள், சூலகக் கட்டி, குழந்தை குறுக்கே கிடப்பது ஆகியவையும் காரணங்கள். ஐந்தில் ஒரு பங்கில் காரணமே தெரியவில்லை. வயிற்று வலி, இரத்தப்போக்கு, அதிர்ச்சி என்று வரும் அறிகுறிகள் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதைப் போலவே இருப்பதால், உண்மை பெரும்பாலும் அறுவை மேசையில்தான் தெரியவருகிறது. வயிற்றைத் திறந்ததும் வீங்கிப் புடைத்த நாளங்கள் தெரியும். பின்பக்கம் இருக்க வேண்டிய சூலகம் முன்னால் வந்து நிற்கும். அதைக் கவனிக்காமல் கத்தி வைத்தால் வெட்டு கருப்பையின் முதுகில் விழும். முறுக்கை அவிழ்த்துவிட்டுக் குழந்தையை எடுப்பதே முறை. அவிழவே மறுத்தால் வேறு வழியின்றிப் பின்பக்கம் கீறுவதும் உண்டு.

ஆக, இந்நோயில் உயிரைத் தீர்மானிப்பது அறுவைக் கூடத்துக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள தூரம். மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் ரெங்கம் போன்ற தோட்டப் பகுதியின் வரலாற்றை நான் இந்தத் தூரத்தை வைத்தே படிக்கிறேன். 1909இல் ஜொகூர் இரயில் பாதை முழுமையடைந்தது. பால்மரத் தோட்டங்களும் பின்னர் செம்பனையும் தமிழரை இங்கே நிறைத்தன. தோட்டம் தனியார் நிலம் என்பதால் அங்குள்ளோரின் மருத்துவமும் முதலாளியின் பொறுப்பாகவே விடப்பட்டது. லயம் என்னும் தோட்டக் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் முதலில் வருபவர் மருத்துவச்சி, அடுத்து டிரெசர் எனப்படும் தோட்டத்து மருத்துவ உதவியாளர். அந்த டிரெசர்களைப் பதிவுசெய்யும் சட்டமே 1965இல்தான் வந்தது. டிரெசரிடம் மருந்து இருந்தது, அனுபவம் இருந்தது. அறுவைக் கூடம் இல்லை. அதற்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் குளுவாங் போக வேண்டும்.

1950வாக்கில் மலாயாவில் லட்சம் பிரசவத்துக்கு 500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1956இல் கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 1991இல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் காரணம் தேடி விசாரிக்கும் முறை வந்தபோது அந்த எண்ணிக்கை 50க்கும் கீழே இறங்கியிருந்தது. கர்ப்பிணியின் ஆபத்தை வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் பிரித்துப் புத்தகத்தில் குறிக்கும் தாதியின் வேலை சின்னதாகத் தெரியலாம். என் பார்வையில் புதிய கருவிகளைவிட அதுவே தோட்டத்துப் பெண்களை அதிகம் காத்தது.

நார்க்கட்டி இருப்பதாக எப்போதாவது சொல்லியிருந்தால் கர்ப்பம் பதியும்போதே தாதியிடம் தெரிவியுங்கள். விட்டு விட்டு வராமல் ஒரே பிடியாக வயிறு வலித்தால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.