கொழும்பு, நவம்பர் 12

இலங்கை மலையகத்தின் கொத்மலைத் தோட்டங்களில் விடியுமுன் தப்பு அடித்ததும் ஆட்கள் கூடி நின்ற இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். பட்டாளத்து ‘பரேட்’தான் தோட்டத்து வாயில் பெரட்டு ஆனது. லயமும் அந்த வழியில் வந்ததே. சிப்பாய்களின் குடில்கள் வரிசையாக நின்ற ‘லைன்’, தொழிலாளர் காம்பராக்களுக்கும் பெயராயிற்று.

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்த பிறகு மலைக்கு ஏறிய முதல் தோட்டத் துரைமாரில் படையாட்கள் நிறைய. வோட்டர்லூவில் போரிட்ட ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொருவையில் தாமே கோப்பி பயிரிட்டார். பிடித்த நாட்டில் காட்டை அழித்து, வரிசை கட்டி ஆட்களைக் குடியேற்றும் எல்லைப்புற வாழ்க்கை அது. ஏறக்குறைய அதே காலத்தில் ரஷ்யப் பட்டாளம் காகசஸ் மலைகளில் காடு வெட்டி முன்னேறிக்கொண்டிருந்தது. அந்தப் படையில் இருந்த இளம் டால்ஸ்டாய், 1855இல் காடு வெட்டும் சிப்பாய்களைப் பற்றியே ஒரு கதை வெளியிட்டார். ரஷ்யச் சிப்பாய்க்குக் கதை எழுத ஆள் கிடைத்துவிட்டது. பெரட்டில் நின்றவருக்கு இன்னும் நூறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் ஒருவர் மிக அருகில் வந்து போனார்.

1890 நவம்பரில் ‘பீட்டர்ஸ்பர்க்’ என்ற கப்பல் கொழும்பைத் தொட்டது. சகலின் தீவின் கைதிகளைக் கண்டுவிட்டு ஊர் திரும்பிய முப்பது வயது மருத்துவர் அன்டன் செகாவ் அதில் இருந்தார். வழியில் இறந்த இருவரைக் கித்தானில் சுற்றிக் கடலில் இறக்கியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அந்தக் காட்சியிலிருந்துதான் ‘குசேவ்’ என்ற கதை பிறந்தது. கதை இலங்கையில் உருவானது என்பதால், விரும்பினால் அடியில் ‘கொழும்பு, நவம்பர் 12’ என்று போடலாம் எனப் பதிப்பாளர் சுவோரினுக்கு அவர் எழுதினார். அந்த டிசம்பரிலேயே ‘நோவயே விரேம்யா’ நாளிதழில் அது வெளிவந்தது.

குசேவ் ஓர் அதிகாரியின் ஏவலாள். கிழக்குக் கோடியில் ஐந்து வருடம் உழைத்து, நோயாளியாகி, வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். கப்பல் வைத்தியசாலையில் படுத்தபடி ஊர்ப் பனியையும் சகோதரன் பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டிருக்கிறான். பக்கத்துப் படுக்கைக்காரர் அநியாயத்தைப் பற்றிக் கொதித்துக்கொண்டே சாகிறார். குசேவுக்கோ அந்தக் கோபம் விளங்குவதேயில்லை. அவனும் செத்ததும் கித்தானில் வைத்துத் தைக்கிறார்கள். அமிழ்வதற்காக இரும்புத் துண்டுகளும் உள்ளே போகின்றன. தலைப்பக்கம் பருத்து, கால்பக்கம் சிறுத்து, அந்தப் பொட்டலம் ஒரு கேரட் போலக் கிடக்கிறது. இவ்வளவு சாதாரணமான ஒரு காய்கறியை அந்த இடத்தில் வைக்க எத்தனை துணிவு வேண்டும்!

கொழும்பிலிருந்து செகாவ் ரயிலில் கண்டிக்குப் போனார். இலங்கையைச் சொர்க்கம் என்றே கடிதத்தில் புகழ்ந்தார். அதே பயணத்தைப் பற்றிய கடிதத்தில், ஆங்கிலேயர் அந்நிய மக்களைச் சுரண்டினாலும் பதிலுக்குச் சாலையும் குழாய்நீரும் தருகிறார்கள் என்று அவர்களுக்காக வாதாடினார். அவர் கதைகளை எவ்வளவு நேசித்தாலும் இந்த வாதத்தை ஏற்க மனம் வரவில்லை. அவரை ஏற்றிச் சென்ற தண்டவாளத்துக்கே தென்னிந்தியக் கூலிகள் மண் சுமந்திருந்தார்கள்.

பேராதனையில் பாதை பிரிகிறது. ஒரு கிளை கண்டிக்கு. மற்றது கம்பளை வழியாக நாவலப்பிட்டிக்கு. கொத்மலைக்காரர் இன்றும் ரயிலுக்கு இறங்கி வரும் நிலையம் அது. 1885இலேயே அந்தப் பாதை நானுஓயா வரை போய்விட்டது. செகாவ் கண்டிப் பக்கம் திரும்பினார். மறுபக்கம் போயிருந்தால் கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த சரிவுகளில் எத்தனையோ குசேவ்களைப் பார்த்திருப்பார். குசேவையாவது பட்டாளம் விடுவித்தது. ஆட்களைத் திரட்டி வந்த கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய ‘துண்டு’ தீராமல் தோட்டத்து ஆள் வேறு தோட்டத்துக்கு நகர முடியாதிருந்தது. அந்தத் துண்டுமுறை ஒழிய 1921 ஆயிற்று.

பெரட்டில் நின்றவருக்கான கதை பிறகுதான் வந்தது: 1961இல் ‘தினகரன்’ இதழில் மலையக எழுத்தாளர் என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் கைவேகத்தை நம்பாமல் சந்தேகப்படுகிறார்கள். அவள் மறுபடி மலையேறிப் பறித்துக் காட்டுகிறாள். பெரட்டில் பேர் பதிந்து நின்றவளின் மானம், கூடையோடு தராசில் ஏறிய கதை அது.

(தொடரும்)