ஒன்பதாவது தெரிவு: டென்வர் அணி ஒரு காவலரைத் தேர்ந்த கதையும் முடியாத விவாதமும்

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் தேசிய உதைபந்தாட்ட லீக்கின் வீரர் தெரிவு நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாவதாகத் தெரிவுசெய்யும் உரிமை டென்வர் புரொங்கோஸ் அணியிடம் இருந்தது. முடிவை அறிவிக்க அவர்களுக்கு 10 நிமிடங்கள். அந்த நேரத்தில் இரண்டு பெயர்கள் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தன. ஒன்று, ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். மற்றையது, அலபாமா பல்கலைக்கழகத்தின் பின்களக் காவலர் பற்றிக் சேர்ட்டன்.

டென்வர் சேர்ட்டனை எடுத்தது. அந்த நகரின் இரசிகர்களில் பெரும் பகுதியினர் கொதித்துப் போனார்கள். அந்தத் தெரிவு சரியா பிழையா என்ற வாதம் பல ஆண்டுகள் நீடித்தது.

அமெரிக்க உதைபந்தாட்டம் நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத விளையாட்டு. ஆனால் இந்த வாதத்தின் அடிப்படை எவருக்கும் விளங்கக்கூடியது. தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் அணிக்கு ஒரேயொரு நல்ல வாய்ப்புக் கிடைக்கிறது. அதை மிக அவசரமான தேவைக்குச் செலவிடுவதா, அல்லது கைக்கு எட்டும் மிகச் சிறந்த மனிதரை எடுப்பதா?

பலவீனமானவருக்கு முதல் உரிமை

அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும் இளைஞர்கள் தாம் விரும்பிய கழகத்தில் நேரடியாகச் சேர முடியாது. ஆண்டுக்கு ஒரு தடவை நடக்கும் 'ட்ராஃப்ட்' எனும் தெரிவில், அணிகள் வரிசையாக வீரர்களைத் தெரிவுசெய்கின்றன. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் இடம். கிண்ணம் வென்ற அணிக்குக் கடைசி இடம். 32 அணிகள், 7 சுற்றுகள்.

இந்த ஏற்பாட்டை முன்மொழிந்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த பேர்ட் பெல். பணமும் பெயரும் உள்ள ஓரிரு கழகங்களே நல்ல வீரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதை அவர் கண்டார். அப்படியே போனால் சிறிய கழகங்கள் அழிந்துவிடும், அவை அழிந்தால் பெரிய கழகங்களுக்கும் ஆட எதிரணி இருக்காது என்பதே அவரது வாதம். 1936இல் பிலடெல்பியாவின் விடுதி ஒன்றில் முதலாவது தெரிவு நடந்தது. கரும்பலகையில் 90 பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. முதலாவதாகத் தெரிவான ஜே பேர்வாங்கர் கடைசிவரை தொழில்முறையில் ஆடவே இல்லை. ட்ராஃப்டில் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இந்த முறையில் அணிகளுக்கிடையே நீதி உண்டு. வீரனுக்குத் தெரிவு இல்லை. எந்த நகரில் வாழ்வது, யாரிடம் பயில்வது என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. மிகச் சிலரே இதை எதிர்த்து வென்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் டென்வரின் வரலாற்று நாயகன் ஜோன் எல்வே. 1983இல் பால்ட்டிமோர் கோல்ட்ஸ் அணி அவரை முதலாவதாகத் தெரிவுசெய்தது. அங்கு ஆடமாட்டேன், பேஸ்போல் ஆடப் போய்விடுவேன் என்று அவர் உறுதியாக நின்றார். வேறு வழியின்றி பால்ட்டிமோர் அவரை டென்வருக்கு மாற்றியது. அங்கே குவாட்டர்பேக்காக இரண்டு தடவை சுப்பர் போல் கிண்ணம் வென்றார். டென்வர் மக்கள் இன்றுவரை ஒவ்வொரு குவாட்டர்பேக்கையும் எல்வேயுடன் ஒப்பிட்டே பார்க்கிறார்கள். 2021இன் கோபத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பின்களக் காவலர் என்ன செய்கிறார்?

அணிக்கு 11 பேர் களத்தில் நிற்பார்கள். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார் தூரம் முன்னேற நான்கு முயற்சிகள். பந்தைக் கையில் எடுத்து, யாருக்கு எறிவது என்று சில கணங்களில் முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். எறியப்படும் பந்தைப் பிடிக்க ஓடுபவர்களைத் தடுப்பதே பின்களக் காவலர்களின் வேலை. இவர்களில் களத்தின் ஓரங்களில் நிற்பவர் கோர்னர்பேக். நடுவே ஆழத்தில் நிற்பவர் சேஃப்டி.

கோர்னர்பேக்கின் வேலை விளையாட்டிலேயே மிகக் கடினமானவற்றுள் ஒன்று. முன்னால் நிற்பவருக்குத் தான் எங்கே ஓடப்போகிறேன் என்று தெரியும். காவலருக்குத் தெரியாது. எதிராளியைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடி, அவர் திரும்பும் அதே கணத்தில் தானும் திரும்ப வேண்டும். 1978இல் விதி மாற்றப்பட்ட பின்னர், ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 யாருக்கு அப்பால் எதிராளியை இடித்து மறிக்கவும் முடியாது. ஒரு தடவை கால் சறுக்கினால் எதிரணிக்கு ஆறு புள்ளிகள் போய்விடும்.

நன்றாகச் செய்தால் என்ன தெரியும்? எதுவும் தெரியாது. குவாட்டர்பேக் அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். பந்தே வராத இடத்தில் நிற்பவரைத் தொலைக்காட்சி காட்டுவதில்லை. நாமறிந்த உதைபந்தாட்டத்திலும் நல்ல பின்கள வீரரின் பெயர் கோல் அடித்தவரின் பெயரைப்போல ஊரில் ஒலிப்பதில்லை.

டென்வர் நின்ற இடம்

2016 பெப்ரவரியில் டென்வர் 24–10 என்ற கணக்கில் கரோலினா பாந்தர்ஸை வென்று சுப்பர் போல் கிண்ணத்தைப் பெற்றது. அடுத்த மாதமே அதன் குவாட்டர்பேக் பெய்ட்டன் மானிங் ஓய்வுபெற்றார். அதன்பின் அந்த இடத்துக்கு வந்தவர் எவரும் நிலைக்கவில்லை.

2018இல் ஐந்தாவது தெரிவு டென்வரிடம் இருந்தது. அப்போதும் அவர்கள் குவாட்டர்பேக்கை விட்டுத் தடுப்பு வீரரான பிராட்லி சப்பை எடுத்தார்கள். இரண்டு இடம் தள்ளி ஜோஷ் அலனை எடுத்த பஃபலோ அணி, அவரைக் கொண்டே பல ஆண்டுகள் முன்னணியில் நின்றது.

2020 நவம்பரில் நிலைமை கேலிக்கூத்தாகவே மாறியது. கொவிட் விதிகளால் டென்வரின் குவாட்டர்பேக்குகள் அனைவரும் ஒரே நேரத்தில் விலக்கப்பட, பந்து பிடிக்கும் வீரரான கென்டல் ஹின்டனை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அவர் எறிந்த 9 பந்துகளில் ஒன்றுதான் தன் அணியினரின் கைக்குச் சேர்ந்தது. 31–3 எனத் தோற்றார்கள். அந்தப் பருவம் 5 வெற்றி, 11 தோல்வியுடன் முடிந்தது. அந்தத் தோல்விகளே 2021இல் ஒன்பதாவது தெரிவைப் பெற்றுக்கொடுத்தன.

இரு தரப்பும் சொன்னவை

ஃபீல்ட்ஸை எடுத்திருக்க வேண்டும் என்றவர்களின் வாதம் வலுவானது. குவாட்டர்பேக் இல்லாத அணி எதையும் வெல்லாது. அணியில் இருந்த ட்ரூ லொக் தன்னை நிரூபிக்கவில்லை. தெரிவுக்கு முதல்நாள் வாங்கிய டெடி பிரிட்ஜ்வோட்டர் தற்காலிகத் தீர்வு மட்டுமே. மறுபுறம், கோர்னர்பேக் இடத்துக்கு ரொனால்ட் டார்பி, கைல் ஃபுல்லர் ஆகிய இருவரையும் அவ்வருடம் மார்ச் மாதமே ஒப்பந்தம் செய்திருந்தார்கள். மேலும், கிண்ணம் வென்ற அணியின் சிறந்த காவலர்களில் ஒருவரான கிறிஸ் ஹரிஸ் ட்ராஃப்டில் எவராலும் தெரிவாகாதவர். தெரிவாகாதவர்களிலும் நல்ல காவலர் கிடைக்கும்போது ஒன்பதாவது தெரிவை அதற்குச் செலவிடுவது ஏன்?

சம்பளக் கணக்கும் அவர்கள் பக்கமே இருந்தது. 2011 உடன்படிக்கையின்படி புதிய வீரர்களின் சம்பளம் தெரிவு வரிசைப்படி வரையறுக்கப்பட்டது. குறைந்த சம்பளத்தில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நல்ல குவாட்டர்பேக் கிடைத்தால், மிஞ்சும் பணத்தில் மற்ற இடங்களைப் பலப்படுத்தலாம்.

மறுதரப்பு வேறுவிதமாகப் பார்த்தது. அவ்வருட ஜனவரியில் பொறுப்பேற்ற பொது முகாமையாளர் ஜோர்ஜ் பேட்டனின் முதலாவது ட்ராஃப்ட் இது. நம்பிக்கையில்லாத ஒரு குவாட்டர்பேக்கை, அந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுப்பது வெறுமையை நிரப்பாது. மூன்று நான்கு ஆண்டுகளை வீணாக்கிவிட்டு மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வர நேரும். சேர்ட்டனிலோ சந்தேகம் குறைவு. 6 அடி 2 அங்குல உயரம். அலபாமாவுடன் தேசியச் சாம்பியன் பட்டம். தந்தையும் இதே லீக்கில் கோர்னர்பேக்காக ஆடி, பின்னர் மகனின் பாடசாலையில் பயிற்றுநராக இருந்தவர்.

பிறகு நடந்தது

ஃபீல்ட்ஸை 11ஆவதாக சிகாகோ பெயார்ஸ் எடுத்தது. அதற்காகத் தனது அடுத்த ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவையும் விட்டுக்கொடுத்தது. மூன்று பருவங்களில் அவர் தொடங்கிய 38 ஆட்டங்களில் சிகாகோ வென்றது 10. 2024இல் ஓர் ஆறாம் சுற்றுத் தெரிவுக்கு அவரைப் பிட்ஸ்பேர்க்குக்குக் கொடுத்துவிட்டார்கள். அவ்வருட முதற்சுற்றில் தெரிவான ஐந்து குவாட்டர்பேக்குகளில் நால்வர், நான்காவது பருவம் தொடங்கும் முன்னரே தம்மை எடுத்த அணியை விட்டுப் போயிருந்தனர்.

சேர்ட்டன் முதல் பருவத்திலேயே 4 பந்துகளை இடைமறித்தார். 2024 செப்டெம்பரில் 4 ஆண்டுகளுக்கு 96 மில்லியன் டொலர் ஒப்பந்தம் பெற்றார். அடுத்த மாதம் லாஸ் வேகாஸ் அணிக்கு எதிராக ஒரு பந்தை இடைமறித்து 100 யார் ஓடிப் புள்ளி சேர்த்தார். அப்பருவத்தின் சிறந்த தடுப்பு வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. கோர்னர்பேக் ஒருவர் அதைப் பெறுவது 2019க்குப் பின்னர் அதுவே முதல் தடவை.

இத்துடன் கதையை நிறுத்தினால் தீர்ப்பு இலகு. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2021இல் லீக்கில் மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த மூன்று அணிகளில் டென்வரும் ஒன்று. இருந்தும் 7 வெற்றி, 10 தோல்வி. குவாட்டர்பேக் பஞ்சம் தீரவில்லை. அதைத் தீர்க்க 2022இல் ரசல் வில்சனை வாங்கினார்கள். விலை: இரண்டு முதற்சுற்றுத் தெரிவுகள், இரண்டு இரண்டாம் சுற்றுத் தெரிவுகள், ஓர் ஐந்தாம் சுற்றுத் தெரிவு, மூன்று வீரர்கள். அவ்வருடம் லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளி எடுத்த அணி டென்வர்தான். 2023 செப்டெம்பரில் சேர்ட்டன் களத்தில் நின்றபோதே மயாமியிடம் 70–20 எனத் தோற்றார்கள். 2024 மார்ச்சில் வில்சனை விடுவித்தபோது, சம்பள வரம்புக் கணக்கில் 85 மில்லியன் டொலர் சுமை மிஞ்சியது. வில்சனுக்காகக் கொடுத்த தெரிவுகளில் ஒன்றைக் கொண்டு 2023இல் சியாட்டில் அணி எடுத்தது யாரை? டெவன் விதர்ஸ்பூன் என்ற இன்னொரு கோர்னர்பேக்கை.

டென்வரின் கிண்ணச்சுற்று வறட்சி 2024இல்தான் முடிந்தது. அவ்வருடம் 12ஆவதாகத் தெரிவான போ நிக்ஸ் குவாட்டர்பேக்காக வந்த பின்னர், 2015 பருவத்துக்குப் பிறகு முதல் தடவையாக அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றார்கள். சேர்ட்டன் மட்டும் இருந்த மூன்று ஆண்டுகளில் அது நடக்கவில்லை. ஆகவே, குவாட்டர்பேக் இல்லாமல் முடியாது என்றவர்கள் சொன்னது பிழையில்லை. எந்தக் குவாட்டர்பேக் என்பதில்தான் அவர்கள் தவறினார்கள்.

எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது?

இன்று இருந்துகொண்டு அன்றைய முடிவை அளப்பது இலகு. ஆனால் அதே இரவில், ஓரிடம் முன்னதாக, கரோலினா அணி சேர்ட்டனை விட்டு ஜேசி ஹோர்ன் என்ற கோர்னர்பேக்கை எடுத்தது. அவர் தன் மூன்றாவது ஆட்டத்திலேயே கால் முறிந்து அந்தப் பருவத்தை இழந்தார். பின்னர் மீண்டு, 2025இல் 4 ஆண்டுகளுக்கு 100 மில்லியன் டொலர் ஒப்பந்தம் பெற்றார். 2020இல் டெட்ரோயிட் மூன்றாவதாக எடுத்த ஜெஃப் ஒகூடா என்ற கோர்னர்பேக்கும் எல்லோராலும் பாராட்டப்பட்டவரே. குதிகால் தசைநார் அறுந்து, மூன்று ஆண்டுகளில் ஓர் ஐந்தாம் சுற்றுத் தெரிவுக்கு வேறு அணிக்குப் போனார். தெரிவுசெய்தவர்கள் முட்டாள்கள் அல்ல. ஒரு தசைநாரின் கதையை எவராலும் முன்கூட்டி வாசிக்க முடியாது.

கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் இந்த ட்ராஃப்டை நீண்டகாலத் தரவுகளுடன் ஆராய்ந்து 2013இல் கட்டுரை வெளியிட்டனர். ஒரே இடத்தில் ஆடும் இருவரில், முன்னதாகத் தெரிவானவர் அடுத்துத் தெரிவானவரைவிடச் சிறப்பாக அமைவதற்கான வாய்ப்பு சுமார் 52 சதவீதம்தான் என அவர்கள் கண்டார்கள். நாணயத்தைச் சுண்டிப் போடுவதிலும் சற்றே மேல். தமக்குத் தெரிந்ததைவிடக் கூடுதலாகத் தெரியும் என அணிகள் நம்புவதே பெரும் பிழை என்பது அவர்களது முடிவு.

அந்த அளவுகோலால் பார்த்தால், 2021 இரவில் டென்வர் செய்ததில் மதிக்கத்தக்கது ஒன்று உண்டு. பயமும் பசியும் ஒரு பக்கம் இழுக்க, தாம் நம்பாத ஒருவரை எடுக்காமல் நின்றார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பொறுமையை இழந்து வில்சனுக்காக எல்லாவற்றையும் கொட்டினார்கள். டென்வரை ஆண்டுக்கணக்கில் பின்தள்ளியது அந்த அவசரம்தான். சேர்ட்டனை எடுத்தது அல்ல. இரண்டு முடிவுகளையும் எடுத்தது ஒரே முகாமையாளர். ஆகவே ஒரு தெரிவைக் கொண்டு ஒருவரை ஞானி என்றோ மூடன் என்றோ சொல்லிவிட முடியாது.

சேர்ட்டனோ இந்த விவாதம் எதையும் தொடங்கியவர் அல்ல. 21 வயதில் ஒரு நகரம் தன்னை ஏன் எடுத்தார்கள் என்று கோபப்பட, அதே நகரில் போய் வேலை செய்ய வேண்டியிருந்தது. அவர் தன் பக்கத்துக்குப் பந்து வராமல் பார்த்துக்கொண்டார்.