ஓவியர் இராபர்ட் டங்கன்சன்

பள்ளியில் மாணவர் சேர்க்கை நடக்கும்போது, "தந்தையின் தொழில் என்ன?" என்று கேட்டால் விடை கூறாமல் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாக நான் பார்த்து வருகின்றேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் கதவுக்கு வண்ணம் பூசுவதும் நாணத்தக்க தொழில்கள் அல்ல. அத்தொழிலிலிருந்தே தம் கலையைத் தொடங்கி, உலகம் மதிக்கும் ஓவியராக உயர்ந்த ஒருவரின் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரில் எழுத விழைகின்றேன். அவர்தாம் அமெரிக்கக் கறுப்பின ஓவியர் இராபர்ட் எஸ். டங்கன்சன்.

இவர் 1821ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இவருடைய பாட்டனார் வர்ஜீனியாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். குடும்பத் தொழில் தச்சு வேலையும் வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலையும் ஆகும். பின்னர் இக்குடும்பம் மிச்சிகன் மாநிலத்து மன்றோ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. 1838இல் டங்கன்சன் அவ்வூரில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து, வண்ணம் பூசுவதும் கண்ணாடி பொருத்துவதுமான தொழிலை நடத்தினார். அப்போது அவருக்கு வயது 17.

ஆயினும் அவர் உள்ளம் ஓவியத்தையே நாடியது. ஏறத்தாழ 1840இல் ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகர்ப்பக்கம் சென்று வாழலானார். ஓஹையோ ஆற்றின் வடகரையில் உள்ள அந்நகரில் அடிமை முறை இல்லை. தென்கரையில் உள்ள கென்டக்கியிலோ மனிதரை விலைக்கு விற்றனர். வடகரையிலும் கறுப்பின மக்களுக்கு அமைதியான வாழ்வு கிட்டவில்லை. 1841இல் வெள்ளையர் கும்பல் அவர்களுடைய குடியிருப்புகளைத் தாக்கியது. இத்தகைய சூழலில் கலைக்கல்லூரியோ ஆசிரியரோ இன்றி அவர் ஓவியம் பயின்றார். அச்சிட்ட படங்களைப் பார்த்து வரைந்தார். மனித உருவங்களை வரைந்து பழகினார். பின்பு ஊர் ஊராகச் சென்று ஆறுகளையும் மலைகளையும் நேரிற் கண்டு வரைந்தார்.

1842இல் சின்சினாட்டியில் நடந்த ஒரு கண்காட்சியில் அவர் வரைந்த உருவப்படங்கள் மூன்று வைக்கப்பெற்றன. ஆனால் அவருடைய குடும்பத்தார் அவற்றைக் காண உள்ளே செல்ல இயலவில்லை. கறுப்பினத்தார்க்கு அங்கே அனுமதி இல்லை. கோயிலைக் கட்டக் கல் சுமந்தவனே அக்கோயிலுக்குள் நுழைய முடியாதிருந்த நாட்டில் பிறந்த நமக்கு, இதன் வேதனையை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அவரது திறமையை முதலில் அறிந்து ஆதரித்தோர் அடிமை ஒழிப்பு இயக்கத்தினர். சார்லஸ் ஏவரி என்னும் சமயத் தொண்டர் கேட்டுக்கொண்டதன்பேரில், 1848இல் ஒரு செப்புச் சுரங்கத்தின் காட்சியை வரைந்தார். அதன்பின் நிக்கோலஸ் லாங்வொர்த் என்னும் செல்வந்தர் தம் மாளிகையின் சுவர்களில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ 1850 முதல் 1852 வரை எட்டுப் பெரிய ஓவியங்களை அவர் அங்கே தீட்டினார். சுவருக்கு வண்ணம் பூசிப் பிழைத்தவர் சுவரையே கலைக்கூடமாக்கினார் எனலாம். 1851இல் அவர் தீட்டிய 'நீல மடு' என்னும் ஓவியத்தில் சலனமற்ற நீரும் அடர்ந்த மரங்களும் கரையில் மீன்பிடிக்கும் சிறு உருவங்களும் காணப்படுகின்றன. 1853இல் ஐரோப்பா சென்று பேரோவியர்களின் படைப்புகளை நேரிற் கண்டு திரும்பினார்.

ஈண்டு ஒரு வினா எழும். தம் இனத்தார் விலங்கிடப்பட்டிருக்கும்போது, இவர் மலையையும் நதியையும் வரைந்துகொண்டிருந்தது முறையா? அக்காலத்திலேயே இவ்வினா எழுந்தது. அவர் இனத்தை மறந்தவர் அல்லர். கறுப்பினப் புகைப்படக் கலைஞர் ஜேம்ஸ் பிரெஸ்லி பாலுடன் அவர் பணியாற்றினார். அடிமை வாணிகத்தின் கொடுமையைக் காட்டும் மிக நீண்ட திரையோவியம் ஒன்றை 1855இல் பால் வெளியிட்டார். அதன் ஆக்கத்தில் டங்கன்சனுக்கும் பங்குண்டு என்பர். எனினும் 1871இல் தம் மகனுக்கு எழுதிய மடலில், தம் சிந்தையை நிறைத்திருப்பது தோலின் நிறம் அன்று, ஓவிய வண்ணமே என்னும் கருத்தை அவர் தெரிவித்தார். இக்கூற்றை எல்லாரும் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் ஒடுக்கப்பட்டவன் தன் துயரத்தை மட்டுமே பாட வேண்டும், வானவில்லை வரைய அவனுக்கு உரிமையில்லை என்பதும் ஒருவகை விலங்கே என்பது என் கருத்து.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1863இல் அவர் கனடா நாட்டு மாண்ட்ரீல் நகருக்கும், 1865இல் பிரிட்டனுக்கும் சென்றார். அங்கெல்லாம் அவர் ஓவியங்கள் பாராட்டப் பெற்றன. அயல்நாடுகளிலும் புகழ்பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பின ஓவியர் என அறிஞர் அவரைப் போற்றுவர்.

இறுதி ஆண்டுகளில் அவரை மனநோய் வாட்டியது. இளமை முதல் ஈயம் கலந்த வண்ணங்களைக் கையாண்டதால் உடலிற் சேர்ந்த நஞ்சு அதற்குக் காரணமாகலாம் எனக் கருதுவோர் உளர். 1872 டிசம்பர் 21ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் அவர் காலமானார். அவர் உடல் மன்றோவில் அடக்கம் செய்யப்பெற்றது. அவ்விடத்தில் நெடுங்காலம் பெயர் பொறித்த கல்லும் இல்லை. லாங்வொர்த் மாளிகை ஓவியங்களின்மீதும் சுவர்த்தாள் ஒட்டி மறைத்துவிட்டனர். 1930களில் அம்மாளிகை அருங்காட்சியகமாக மாறிய காலத்தில் அத்தாள் அகற்றப்பட்டு ஓவியங்கள் வெளிப்பட்டன. 2021 ஜனவரி 20 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவராக ஜோ பைடன் பதவியேற்றபோது, நாடாளுமன்றக் கட்டடத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றது டங்கன்சன் 1859இல் தீட்டிய வானவில் ஓவியமே.

டங்கன்சன் மறைந்த மறு ஆண்டில், 1873இல், மராட்டியத்தில் மகாத்மா ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' என்னும் நூலை வெளியிட்டார். அடிமைத்தளையை அறுக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கே அந்நூலை அவர் உரித்தாக்கினார். ஆதலின் அம்மக்களின் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

நம்மிடையேயும் பெயர் பொறிக்கப்படாத கலைஞர் பலர் வாழ்ந்து மறைந்தனர். அவர்கள் யாவர், என்ன செய்தனர் என்பதை நம் ஊர்ப் பெரியோரிடம் கேட்டு எழுதி வைப்பது இளைஞர்களாகிய உங்கள் கடமை. இக்கல்விக் கழகம் தன் பொன்விழா மலரை வெளியிடும் காலத்தில், அவர்களுடைய வரலாறுகள் அதில் இடம்பெற வேண்டும். நம் பிள்ளைகளும் தந்தையின் தொழிலைத் தலைநிமிர்ந்து கூற வேண்டும்.