பேற்றுத்துணை: அறுவைவழி மகப்பேற்றில் உடனிருப்பின் வரலாறு

முன்னுரை

மகப்பேற்றின் வரலாறு பெரிதும் மருத்துவர்களின் வரலாறாகவும் கருவிகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. பேறுகாலத்தில் பெண்ணின் தலைமாட்டில் அமர்ந்து, கைப்பிடித்து, ஆறுதல் கூறிய மற்றொரு பெண் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. இன்று 'டூலா' என வழங்கப்படும் இத்துணையாள் மருத்துவரும் அல்லள், மருத்துவச்சியும் அல்லள். உடனிருத்தலே அவள் தொழில். இத்துணை பேற்றறையிலிருந்து எவ்வாறு நீங்கியது, எவ்வாறு மீண்டது, அறுவை அரங்கின் வாயிலில் ஏன் தயங்கி நிற்கிறது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

'டூலா' என்பது கிரேக்கச் சொல். பண்டைக் கிரேக்கத்தில் அது அடிமைப் பெண்ணைக் குறித்தது. அமெரிக்க மானிடவியலாளர் டானா ரஃபேல், தாய்ப்பாலூட்டல் குறித்து 1973இல் வெளியிட்ட நூலில், புதிய தாய்க்குத் துணைநிற்கும் பெண்ணைக் குறிக்க இதனைக் கையாண்டார். பின்னர் இச்சொல் பேறுகாலத் துணைக்கு உரியதாயிற்று.

இப்பொருளுக்குத் தமிழ்மரபு அந்நியமானதன்று. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை இறைவனின் 'தாயுமானவர்' என்னும் திருப்பெயரே இதற்குச் சான்று. காவிரி வெள்ளத்தால் தாய் வரவியலாத நிலையில், பேறுகால வேதனையுற்ற மகளுக்கு இறைவன் அத்தாயின் வடிவிலேயே வந்து துணைநின்றான் என்பது தலபுராணச் செய்தி. இது வரலாற்று நிகழ்ச்சி அன்றெனினும், ஒரு சமூகத்தின் மதிப்பீட்டைக் காட்டும் ஆவணமாகும். பேற்றின்போது துணையின்மை என்பது இறைவனே இறங்கிவந்து நீக்க வேண்டிய அளவு பெருங்குறையாகக் கருதப்பட்டமை இவண் நோக்கத்தக்கது. அடிமைப்பொருள் கொண்ட அயற்சொல்லினும் 'பேற்றுத்துணை' என்னும் தமிழ்வழக்கு பொருத்தமுடையது எனலாம்.

அறுவையும் துணையின் நீக்கமும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை, உயிருள்ள தாய்க்குச் செய்யப்பட்ட சிசேரியன் அறுவை பெரும்பாலும் அவள் உயிரைக் குடித்தது. 1847இல் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் மகப்பேற்றில் மயக்கமருந்தைப் பயன்படுத்தினார். 1876இல் இத்தாலியரான எட்வார்தோ போரோ, கருப்பையை நீக்குவதன்வழித் தாயைக் காக்கும் முறையைக் கண்டார். 1882இல் ஜெர்மானியரான மாக்ஸ் சேங்கர், கருப்பைச் சுவரைத் தைக்கும் முறையை நிலைநாட்டினார். நோய்க்கிருமித் தடுப்பும் உடன்சேர, அறுவை படிப்படியாக உயிர்காக்கும் வழியாயிற்று.

இப்பெரும்பேற்றுக்கு ஒரு விலையும் இருந்தது. கிருமியற்ற அரங்கில் உறவினர்க்கு இடமில்லை. முழுமயக்கத்தில் கிடந்த தாய்க்குத் துணை தேவையென எவரும் கருதவுமில்லை. எனவே துணையின் நீக்கம் கொடுமையாக அன்றி ஒழுங்காகவே தோன்றியது. ஆனால், ஆகஸ்ட் பியர் 1898இல் தொடங்கிவைத்த தண்டுவட மரப்பு முறை, 20ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் சிசேரியனில் பரவலாயிற்று. இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த தாய் இப்போது விழித்திருக்கிறாள். கருவிகளின் ஓசையைக் கேட்கிறாள். திரைக்கு அப்பால் நிகழ்வதை அறியாது அஞ்சுகிறாள். துணையை விலக்கியதற்குரிய காரணங்களுள் ஒன்று மறைந்தது. விலக்கு மட்டும் பல இடங்களில் எஞ்சியது.

எண்களின்வழி மீட்சி

துணையின் மீட்சிக்கு வழிகோலியவர்கள் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் முதலிய மருத்துவர்கள். குவாத்தமாலா மருத்துவமனையொன்றில் அவர்கள் சகஆய்வாளருடன் நிகழ்த்தி 1980இல் வெளியிட்ட ஆய்வில், சிக்கலற்ற பேறுகளில் சேர்க்கை முதல் பிறப்பு வரையிலான சராசரி நேரம் துணையற்றோர்க்கு 19.3 மணியாகவும், துணைபெற்றோர்க்கு 8.8 மணியாகவும் இருந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 412 பெண்களிடம் நிகழ்த்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு மேலும் நுட்பமானது. துணைபெற்றோருள் 8 விழுக்காட்டினர்க்கும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோருள் 18 விழுக்காட்டினர்க்கும் சிசேரியன் நிகழ்ந்தது. மூன்றாம் பிரிவினரின் அறையில் ஒரு பெண் பேசாது, தொடாது, குறிப்பெடுத்தபடி அமர்ந்திருந்தாள். அங்கு அது 13 விழுக்காடு. வாளா அமர்ந்திருந்த உடனிருப்பும் பயனற்றுப் போகவில்லை என இதனைக் கருத இடமுண்டு.

17 நாடுகளைச் சேர்ந்த 15,000க்கு மேற்பட்ட பெண்களின் தரவுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் இம்முடிவுகளை வலியுறுத்தியது. 2018இல் உலக நலவாழ்வு நிறுவனம், தாய் விரும்பும் துணையைப் பேறு முழுவதும் அனுமதிக்கப் பரிந்துரைத்தது.

எனினும் இவ்வெண்களின் வாதத்தில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. அறுவையைக் குறைப்பதே துணையின் பயன் எனக் கொண்டால், துணையிருந்தும் அறுவைக்கு உள்ளான அந்த 8 விழுக்காட்டினர் தோல்விக் கணக்கில் சேர்கின்றனர். அரங்கின் வாயிலில் துணையின் பணி முடிந்துவிட்டதாகவும் ஆகிறது. உண்மையில் அங்குதான் அப்பணி மற்றொரு வடிவம் கொள்கிறது. துணையாள் திரைக்கு இப்பால், தாயின் தலைமாட்டில் அமர்கிறாள். நிகழ்வதை எளிய சொற்களில் கூறுகிறாள். குழந்தை சில நிமிடங்களில் வெளியே எடுக்கப்படும். தையலுக்கோ அதனினும் மிகுதியான நேரமாகும். தந்தை குழந்தையுடன் செல்லும் அவ்வேளையில் தாயைத் தனிமையில் விடாதிருப்பதும், முதற்பாலூட்டலுக்கு உதவுவதும் அவள் கடன். முழுமயக்கம் தேவைப்படும் அவசர அறுவைகளில் அவள் வெளியேற நேரலாம். அந்த விதிவிலக்கே பொதுவிதியாதல் முறையன்று. துணைபெற்றோரிடம் பேறு குறித்த கசப்பு குறைந்திருந்ததையும் மேற்குறித்த மதிப்பாய்வு பதிவுசெய்துள்ளமை இங்கு நினைக்கத்தக்கது.

இந்தியச் சூழல்

இந்தியாவில் இவ்வினா சிறுபான்மையோரின் வினா அன்று. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி சிசேரியன் பேறுகள் 2005-06இல் 8.5 விழுக்காடு, 2015-16இல் 17.2, 2019-21இல் 21.5. இறுதி ஆய்வில் தனியார் மருத்துவமனைகளில் மட்டும் இது 47.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் மொத்தப் பேறுகளில் 44.9 விழுக்காடு. நடுவணரசு 2016இல் அரசு மருத்துவமனைகளில் பேற்றுத்துணையை அனுமதித்தது. பேற்றனுபவமுள்ள பெண் உறவினரே அதில் முதன்மையாகக் கருதப்பட்டார். 2017இல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம் பேற்றறையோடு மகப்பேற்று அறுவை அரங்கையும் தர மேம்பாட்டிற்கு உரியதாக்கியது. பேற்றறைக்கு வகுக்கப்பட்ட துணை அறுவை அரங்கினுள்ளும் தாயைத் தொடர வேண்டும் என்பதே இவ்வளர்ச்சியின் இயல்பான அடுத்த படியாகும்.

முடிவுரை

மயக்கமருந்தும் கிருமித்தடுப்பும் துணையை வெளியேற்றின. தண்டுவட மரப்பு அவளது தேவையை மீண்டும் உண்டாக்கியது. ஆய்வெண்கள் அவளைப் பேற்றறைவரை அழைத்துவந்தன. அவ்வெண்களை மட்டுமே நம்பினால் அவள் அரங்கின் வாயிலைக் கடக்கமாட்டாள். உடனிருத்தல் ஒரு விளைவுக்கான கருவி மட்டுமன்று; தன்னளவில் தாய்க்குரிய உரிமை. தலபுராணத்து மகள் வேண்டியது எளிய பேற்றை மட்டுமன்று, தாயையும்தான். அறுவை மேசையில் விழித்துக் கிடக்கும் பெண்ணின் வேண்டுகோளும் அதுவே.